பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

தேடி முடித்தாயிற்று என்று கருவி சொன்ன பிறகும் பதில்கள் வந்துகொண்டிருந்தன.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேள்விகளையெல்லாம் அனுப்பி முடித்தபின் அந்தக் கருவி கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். வழியில் எங்கோ சிக்கிப் பின்தங்கிய பதில்கள் வந்து சேரட்டும் என்று அது கொடுக்கும் அவகாசம். அந்த அவகாசமும் தீர்ந்து, கருவி தன்னை மூடிக்கொண்டு போய்விட்டது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. ஆனால் சுவரோரமாக நின்ற இரும்பு அலமாரியில், கட்டடத்துக் கணினிகளையெல்லாம் இணைக்கும், வரிசை வரிசையாகக் கேபிள் செருகிய ஸ்விட்சின் பச்சை விளக்குகள் அடங்கவில்லை. தேடல் ஓடியபோது தகரத்தில் மழை விழுவதுபோல் ஒட்டுமொத்தமாகப் படபடத்த விளக்குகள், இப்போது ஒன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று, இருட்டு வீட்டில் யாரோ டார்ச்சைப் போட்டும் அணைத்தும் அறை அறையாகப் போவதுபோல் மின்னின.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசியின் ஓயாத உறுமல், சூடேறிய தூசியின் வாடை, பக்கத்துச் சலவைக்கூடத்திலிருந்து கசிந்து வரும் ஈரத் துணியின் நெடி. விடுமுறை நாள் என்பதால் சலவைக்கூடமும் நின்றுபோய், நெடி மட்டும் மிச்சமிருந்தது. யாரும் அசையாமல் இருந்தால் அறையின் விளக்கு தானாக அணைந்துவிடும். அவ்வப்போது கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கையை ஆட்டினாள்.

அந்த ஆஸ்பத்திரியின் கணினி வலையைப் பார்த்துக்கொள்ள இரண்டே பேர். ஒருத்தி இவள்; எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் சல்லடை என்று பெயர் வாங்கியவள். இன்னொருவன் சூறாவளி. அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மறுநாள் காலை பழைய கட்டடத்தின் வலையைப் பிரித்துப் புதிய வலைக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் எந்தெந்த இயந்திரம் வலையில் இருக்கிறது, எது எந்த வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசக் காத்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். போர்ட் ஸ்கேன் என்பார்கள். மாடியில் இருப்பவர்களிடம் ஸ்கேன் என்று சொன்னால் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்பார்கள்.

இதற்கு மென்பொருள் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. காசு வேண்டாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் படிக்கலாம். இவள் எப்போதும் நம்பியது மெதுவான கருவியை. அது ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்கும், காத்திருக்கும், யாரைக் கேட்டோம் என்று நினைவில் வைத்திருக்கும், பதில் வராவிட்டால் திரும்பப் போய்க் கேட்கும், பேர் என்ன என்றும் விசாரிக்கும். கட்டடம் முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். சூறாவளியின் கருவி அப்படியல்ல. ஊர் முழுக்க ஒரே மூச்சில் கூவிவிட்டு, யாரைக் கூப்பிட்டோம் என்பதையும் அப்போதே மறந்துவிடும். நினைவு வைத்துக்கொள்ளாததுதான் அதன் வேகத்தின் ரகசியம். அதற்கு விலையும் உண்டு. வேகத்தைக் கூட்டினால் பாதிப் பதில்கள் நெரிசலில் தொலையும். பிரிண்டர்கள் மிரண்டுபோய் வெற்றுத்தாளைத் துப்பும். வயதான இயந்திரங்கள் மூச்சுமுட்டி அப்படியே நின்றுவிடும். அதனால்தான் நோயாளிகளின் கட்டிலோரத்தில் இருக்கும் இயந்திரங்கள் பக்கம் அதை விடவே கூடாது என்பது இருவருக்கும் பொதுவான சட்டம்.

அவள் அன்று சூறாவளியின் கருவியை எடுத்ததற்குக் காரணம் மூன்றாம் மாடியில் இருந்தது. பதினேழாம் எண் கட்டிலில் அவளுடைய அப்பா. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு திணறி, இப்போது தேறிக்கொண்டிருந்தார். இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்வையாளர் நேரம் முடிவதற்குள் மேலே போய் அவர் பக்கத்தில் கொஞ்சம் உட்கார வேண்டும் என்பதுதான் அவளுடைய அவசரம்.

அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. தவறான எண்ணில் கூப்பிட்டவர்களிடம்கூடக் குடும்பம் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலிலிருந்தே "அப்பா, இருக்கீங்களா?" என்று கூவுவாள். குளியலறையிலிருந்துகூடக் குரல் வரும்: "இருக்கேன். நீ இருக்கியா?" அவள் "இருக்கேன்பா" என்று சொன்னால்தான் அந்தப் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. இரண்டு பக்கமும் லைன் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்பார். பிறகு இந்த வேலைக்கு வந்து, கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும் முறையைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அங்கும் அதே மூன்று சொல்தான். இருக்கிறாயா? இருக்கிறேன், நீ இருக்கிறாயா? இருக்கிறேன்.

வேகக் கருவி அந்த மூன்றாவது சொல்லைச் சொல்வதில்லை. இருக்கிறேன் என்ற பதில் கிடைத்ததும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும். எதிரே இருக்கும் இயந்திரம் "நீ இருக்கிறாயா" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும்.

அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தன்னிடமிருந்து அப்படி ஒரு கேள்வி போனதே கணினிக்குத் தெரியாது; கருவி அதற்குச் சொல்லாமல் தானாக அனுப்பிவிடுகிறது. அதனால் பதில் வந்தால், நான் எங்கே கேட்டேன் என்று கணினியே முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்திவிடும். இதைத் தவிர்க்க, வலையில் யாருமே பயன்படுத்தாத ஓர் எண்ணை அனுப்புநர் முகவரியாகக் கருவிக்குக் கொடுப்பது வழக்கம். ஆளில்லாத வீட்டு விலாசத்தைப் போட்டு ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுவதுபோல.

பழைய கட்டடத்தில் கட்டில் எண்ணையே அங்குள்ள இயந்திரத்தின் வலை எண்ணாகவும் வைத்திருந்தார்கள். பதினேழில் அப்பா, பத்தொன்பதில் கால் முறிந்த ஒரு பெரியவர். நடுவில் பதினெட்டு கிடையாது. அங்கே ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம், பின்னால் வெற்றுச் சுவர், எதற்கென்று தெரியாமல் தொங்கும் ஒரு பச்சைத் திரை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ பொழுது அந்த வெற்றிடத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால் கருவி எண் கேட்டபோது யோசிக்காமல் பதினெட்டு என்று அடித்தாள். கட்டிலோர இயந்திரங்களைத் தேடலிலிருந்து விலக்கினாள். வேகத்தைக் குறைத்தாள். ஓட்டினாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். விளக்குகள்தான் அடங்கவில்லை.

யாரோ வலைக்குள் புகுந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. யாரோ என்றால், சூறாவளி. போன மாதம் இவள் நாற்காலியின் சக்கரத்தைக் கழற்றி வைத்தவன். அவனுக்குப் போன் போட்டாள்.

"என்ன சல்லடை, லீவு நாள்ல? இன்னும் முதல் மாடியிலேயே நின்னு தட்டிட்டிருக்கியா?"

உன் கருவியைத்தான் ஓட்டினேன் என்று அவள் சொன்னதும் அவன் சிரித்து ஓய நேரமானது. கடைசியில் எங்கள் கட்சிக்கே வந்துவிட்டாய் என்றான். அவள் சிரிக்கவில்லை.

"இங்க எங்கயாவது உன் டப்பா எதையாவது செருகி வெச்சிருக்கியா? வெளையாட்டுக்குன்னாலும் இப்பவே சொல்லிடு."

சத்தியமாக இல்லை என்றான். என்ன நடக்கிறது என்று விசாரித்தான். சொன்னாள். எந்த எண்ணைக் கொடுத்தாய் என்று கேட்டான். அதையும் சொன்னாள்.

அவன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை எதற்கோ அழுதது. பிறகு அந்தச் சத்தங்கள் தேய்ந்து, ஒரு கதவு சாத்தப்படுவது கேட்டது. மனைவிக்குக் கேட்கக் கூடாதென்று வேறு அறைக்குப் போயிருந்தான்.

"நானும் ஒரு தடவ அந்த நம்பரக் குடுத்தேன். அப்புறம் தொடல."

"ஏன்?"

"ரிசல்ட்ல, கேக்காத எடத்துலேருந்தெல்லாம் பதில் வந்துச்சு. வேகமா ஓட்டினா அப்படித்தான் தப்புத்தப்பா வரும்னு விட்டுட்டேன். கட்டிலுங்கள விலக்கிட்டுத்தானே ஓட்டின?"

"விலக்கிட்டேன்."

"நானும் விலக்கினேன்" என்றான்.

வைத்துவிட்டாள். அவன் சொன்னதில் பாதியைத்தான் அவளால் நம்ப முடிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவன் எதையோ மறைக்கிறான். பொறிவைத்துவிட்டுப் பூச்சாண்டி காட்டுகிறானோ. நாளை எல்லார் முன்னாலும், சல்லடையில் ஓட்டை என்று சிரிக்க ஒரு கதை தயாராகிறதோ. விளக்கு அணைந்தது. கையை ஆட்டினாள். எரிந்தது.

வலையில் போய்வரும் பேச்சை ஒட்டுக்கேட்கும் இன்னொரு கருவியைத் திறந்தாள். வரிகள் மேலேறத் தொடங்கின. மருந்தறைக் குளிர்பெட்டியின் வெப்பமானி. வரவேற்பறைத் தொலைபேசி. இரண்டாம் மாடிப் பிரிண்டர். இவள் கேள்வி அனுப்பிய இயந்திரங்கள்தான். அவை பதினெட்டைப் பார்த்து, நீ இருக்கிறாயா என்று கேட்டிருந்தன. அது நியாயம்.

பதினெட்டு, இருக்கிறேன் என்று பதில் சொல்லியிருந்தது.

ஒவ்வொன்றுக்கும். விடாமல்.

மூன்றாவது சொல். அவளுடைய கருவி அதைச் சொல்லாது. அதன் மூலநிரலை வரிவரியாகப் படித்தவள் அவள். அந்தக் கருவியும் இப்போது ஓடவில்லை. கணினியின் கேபிளை உருவி எறிந்தாள். இனி அவள் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூடப் போக வழியில்லை. அலமாரியில் ஒரு விளக்கு மின்னியது. சற்றுப் பொறுத்து, அதற்கடுத்தது.

பக்கத்து அறையில் ஒரு பிரிண்டர் உசும்பி எழுந்தது. உருளைகள் சுழன்று, ஒரு தாள் வழுக்கி வந்து தட்டில் விழும் சத்தம். அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வெற்றுத்தாளாகத்தான் இருக்கும். வெற்றுத்தாளாக இருக்க வேண்டும்.

கேபிளை மறுபடி செருகி, தன் பழைய கருவியால் பதினெட்டை மட்டும் விசாரித்தாள். எத்தனையோ வருஷமாகக் கைகொடுத்த கருவி. அது நிதானமாகப் போய், நின்று, கேட்டு, திரும்பக் கேட்டு, வந்து சொன்னது: அங்கே யாரும் இல்லை.

ஒட்டுக்கேட்கும் திரையில் பதினெட்டு பேசிக்கொண்டிருந்தது.

இப்போது அது பதில் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தது. ஓர் எண்ணைக் கேட்கும். காத்திருக்கும். பதில் வந்தால் அடுத்ததற்குப் போகும். வராவிட்டால் திரும்பக் கேட்கும். அந்தக் காத்திருப்பின் நீளம் அவளுக்குத் தெரிந்த நீளம். பழைய இயந்திரங்கள் திணறக் கூடாதென்று தன் மெதுவான கருவியில் பார்த்துப் பார்த்து அவளே வைத்த இடைவெளி. இது சூறாவளியின் கை அல்ல. அவனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

இது அவளுடைய நடை.

எண்களைக் கவனித்தாள். ஐந்து. ஆறு. அவள் விலக்கி வைத்திருந்த கட்டில்கள். ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக வந்துகொண்டிருந்தது.

ஸ்விட்சிடம் கேட்டாள்: இது எந்த இணைப்பு வழியாக வருகிறது? மூன்றாம் மாடி, வார்டின் சுவர் என்றது. அந்த இணைப்பை அடைத்தாள். திரையில் அடைபட்டது என்று வந்தது. ஏழு. அந்த மாடியின் கேபிளையே பிடுங்கினாள். விளக்கு செத்தது. செத்த விளக்கு சற்றுப் பொறுத்து மின்னியது. எட்டு.

வார்டு நர்ஸுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் வழக்கமான சிஸ்டர்தான். அப்பாவோடு தினமும் வாயாடுகிறவர்.

"சிஸ்டர், நான்தான் கீழேருந்து பேசறேன். கட்டில் மிஷின் எல்லாம் சரியா ஓடுதா?"

எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது, அப்பாவும் நன்றாகத் தூங்குகிறார் என்றார் சிஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "இன்னிக்கு வார்டே ஒரு மாதிரிம்மா. தூக்கத்துல ஒவ்வொருத்தரா, இருக்கேன், இருக்கேன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல ஆஜர் சொல்ற மாதிரி. வரிசையா வேற."

"இப்ப யாரு சொன்னாங்க?"

"ஒம்பது" என்றார் சிஸ்டர். சிரிப்பு போயிருந்தது. "ஏம்மா கேக்கற?"

அவள் ஓடினாள். லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படிக்கட்டில் ஃபினாயில் வாடை. திருப்பத்துக்குத் திருப்பம் குழல்விளக்குகள். முதல் மாடியைத் தாண்டும்போது ஆளில்லாத வரவேற்பறையில் ஒரு தொலைபேசியின் திரை வெளிச்சமாகி, இருண்டு, அதற்குப் பக்கத்துத் திரை வெளிச்சமானது. அவளுக்கு ஒன்றுதான் ஓடியது. மெதுவான கருவியை எது திருப்பி அனுப்பும்? மௌனம் அல்ல. மௌனமாக இருந்தால் சந்தேகப்பட்டு மறுபடி கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். இருக்கிறேன் என்றால் உள்ளே வரும். இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் மட்டும் அடுத்த ஆளுக்குப் போகும். அப்பா இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். யாரையும் அப்படித் திருப்பி அனுப்பி அறியாத மனுஷர்.

வார்டுக் கதவைத் தள்ளினாள். சாயங்கால வெளிச்சம் கண்ணாடி வழியே கடைசியாகக் கசிந்துகொண்டிருந்தது. சிஸ்டர் மேசையோரத்தில் எழுந்து நின்றிருந்தார். இவளைப் பார்க்கவில்லை. கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கேன்" என்றது பதினைந்தாம் கட்டில். கண் மூடியபடி. "நீ இருக்கியா?"

யாரும் பதில் சொன்னது இவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த நோயாளி கேட்டுக்கொண்டதுபோல் தலையசைத்தார். முகத்தை மெல்லத் திருப்பினார். அப்போதுதான் பார்த்தாள். ஒன்றிலிருந்து பதினைந்து வரை எல்லா முகங்களும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அப்பாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம். பச்சைத் திரை.

பதினாறு. லாரி ஓட்டுகிறவர். முரட்டுக் குரல்.

"இருக்கேன்."

அப்பாவிடம் பாய்ந்தாள். ஒரு கையால் கட்டிலோர இயந்திரத்தின் கேபிளைப் பிடுங்கினாள். இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினாள். நரைத்த மீசை உள்ளங்கையில் குத்தியது. சூடான மூச்சு. உயிரோடிருக்கும் மூச்சு. குனிந்து காதோடு சொன்னாள்.

"அப்பா, இல்லைன்னு சொல்லுங்க. யார் கேட்டாலும். இல்லைன்னு சொல்லுங்கப்பா."

அப்பா கண்ணைத் திறந்தார்.

வார்டில் சத்தம் இல்லை. இயந்திரங்களின் சீரான பீப். அதற்கடியில், காத்திருக்கும் ஓர் இடைவெளி. அவளே வைத்த இடைவெளி.

அப்பாவின் கண்கள் அவள் முகத்தில் நிற்கவில்லை. அவள் தோளைத் தாண்டிப் போயின. அங்கே எதையோ கண்டு கனிந்தன. வெளியூர் போன மகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அவர் முகம் எப்படி ஆகுமோ, அப்படி.

தன் வாயை மூடியிருந்த கையை அவர் பிடித்தார். விரல் விரலாகப் பிரித்து விலக்கினார். மரியாதையாக. பழக்கமில்லாத ஒருவரின் கையை விலக்குவதுபோல.

"இருக்கேன்மா" என்றார் திரையைப் பார்த்து. "நீ இருக்கியா?"

"இருக்கேன்பா" என்றது பின்னாலிருந்து அவளுடைய குரல்.

அவள் வாய் மூடியிருந்தது.

அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகுதான் அவர் பார்வை திரும்பியது. தன் மேல் குனிந்திருந்தவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பழைய ஆபரேட்டரின் நிதானத்தோடு, திரைப் பக்கம் கேட்டார்.

"அப்போ இது யாரும்மா, என் வாயப் பொத்தறது?"

திரையின் வளையங்கள் கம்பியில் உரசின. ஒவ்வொன்றாக. பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே விரிப்பு மடியாத ஒரு கட்டில். அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒன்று அப்பாவை நோக்கிக் கையை நீட்டியது. கீழ்த்தளத்தில் விளக்கு அணையும்போதெல்லாம் அவள் உயர்த்தி ஆட்டிய அதே கை.

அப்பா தன் கையை எடுத்து அதில் வைத்தார்.